செருப்பைக் கழற்றச் சொல்வது எப்படி, எப்போது?

கேள்வி: எங்கள் மகளுக்கு 9 மாதம் ஆகிறது. வீடு முழுவதும் தவழ்கிறாள். தரையில் கிடப்பதெல்லாம் அவள் வாய்க்குத்தான் போகிறது. வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர் வாசலிலேயே நின்று, "செருப்பைக் கழற்றணுமா?" என்று கேட்கிறார்கள். எனக்கோ, "பரவாயில்லை, அப்படியே வாங்க" என்றுதான் வாய் வருகிறது. அவர்கள் போன பிறகு தரையைத் துடைத்துக்கொண்டே என்னை நானே நொந்துகொள்கிறேன். சென்ற மாதம் என் கணவரின் மேலதிகாரி ஷூவோடு நேராகக் கூடத்து விரிப்பின் மீது வந்து நின்றுவிட்டார். எங்கள் இருவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் மறுபடியும் வரவிருக்கிறார். யார் மனமும் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது அந்தப் "பரவாயில்லை"தான். "கழற்றணுமா?" என்று கேட்கிறவர் உங்களைச் சங்கடப்படுத்தவில்லை; நீங்கள் சொல்லத் தயங்கும் விஷயத்தை அவரே எடுத்துக் கொடுக்கிறார். அந்த இடத்தில் நீங்கள் உபசாரத்துக்காகப் பொய் சொன்னால், அவர் அறியாமல் செய்த செயலுக்காகப் பின்னால் அவர் மேலேயே உங்களுக்கு வருத்தம் வளரும். அது அவருக்குச் செய்யும் நியாயம் அல்ல. "ஆமாங்க, இந்தப் பக்கம் விட்டுடுங்க, உட்கார்ந்து கழற்ற நாற்காலி இருக்கு" என்று சொன்னாலே போதும். கேட்டவருக்கு அது நிம்மதியாகவே இருக்கும்.

கேட்காமல் உள்ளே வருகிறவர்களிடம்தான் சற்று முயற்சி வேண்டும். அதற்கு முன், நீங்கள் கேட்பது நியாயமானது என்ற உறுதி உங்களுக்கே இருக்க வேண்டும். அது இல்லாதபோதுதான் குரல் கெஞ்சலாகவோ கண்டிப்பாகவோ மாறிவிடுகிறது. செருப்பின் அடியில் ஒட்டி வருவது வெறும் மண் மட்டும் அல்ல. கழிப்பறைத் தரை, கால்நடைகளும் நாய்களும் நடமாடும் பாதை, மருந்து தெளித்த புல்வெளி ஆகியவற்றின் எச்சங்களும் அதில் உண்டு. பழைய கட்டடங்களின் வண்ணப்பூச்சிலிருந்தும், ஈயம் கலந்த பெட்ரோல் எரிந்த காலத்துப் புகையிலிருந்தும் சாலையோர மண்ணில் படிந்த ஈயமும் அதோடு வரக்கூடும். அந்தப் பெட்ரோலைச் சாலை வாகனங்களுக்கு விற்பது 2021-இல் அல்ஜீரியாவோடு உலகெங்கும் நின்றுவிட்டது. ஆனால் மண்ணில் படிந்த ஈயம் மக்கி அழிவதில்லை. உடலுக்குத் தீங்கு செய்யாத ஈய அளவு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விழுங்கும் ஈயத்தைப் பெரியவர்களைப்போல 4 முதல் 5 மடங்குவரை சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்றும் அது எச்சரிக்கிறது. தரையில் கை ஊன்றி, அதே கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்திதான். ஒருமுறை ஷூவோடு ஒருவர் வந்துவிட்டதால் குழந்தைக்கு நோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் தூசியைப் பற்றியதே இந்தக் கவலை.

தரைக்கும் அதன் கணக்கு உண்டு. மணலில் உள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமத்தின் கடினத்தன்மை, கனிமங்களை 1 முதல் 10 வரை தரம் பிரிக்கும் மோஸ் அளவையில் 7. பளிங்குக் கல்லின் கடினத்தன்மை ஏறக்குறைய 3. மெருகேற்றிய பளிங்கின் மேல் மணல் ஒட்டிய செருப்போடு நடப்பது, உப்புத்தாளால் அதை லேசாகத் தேய்ப்பதற்குச் சமம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பே உள்ள ஊசிக் குதிகாலில் ஒரு கணம் முழு எடையையும் ஊன்றினால், தட்டையான செருப்பில் பரவி விழும் அதே எடை அந்த ஒரு புள்ளியில் இறங்கிவிடும். மரத்தரையில் குழி விழுவது அதனால்தான்.

இவ்வளவும் உங்கள் மன உறுதிக்காகச் சொன்னவை. வாசலில் நிற்கும் விருந்தினரிடம் இவற்றில் எதையும் சொல்லாதீர்கள் என்பதே என் அழுத்தமான ஆலோசனை. கிருமி, அழுக்கு, ஈயம் என்று காரணங்களை அடுக்கினால், "உங்கள் கால் அசுத்தம்" என்றுதான் அவர் காதில் விழும். காரணம் சொல்லியே ஆக வேண்டுமானால், "பாப்பா தவழ ஆரம்பிச்சுட்டா" என்ற ஒரு வரி போதும். அதை மறுத்துப் பேசுகிறவர் அரிது. பெரும்பாலோர் அதைக் கேட்டுக் குனியும்போதே குழந்தையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சொல்லும் விதத்தில் மூன்று சிறு விஷயங்களைக் கவனித்துப் பாருங்கள். "தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்காதீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது என்பதை அந்தத் தொடக்கமே விருந்தினருக்கு அறிவித்துவிடுகிறது. "எங்க வீட்டில் நாங்க யாரும் உள்ளே செருப்பு போடுறதில்லை" என்பதும் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. நம் மொழியில் "நாங்கள்" என்ற சொல் கேட்பவரை வெளியே நிறுத்திவிடும், வரவேற்கும் நேரத்தில் அவரை வேறாக்கிக் காட்டுவானேன்? மூன்றாவது, "கழற்றுங்கள்" என்ற ஏவலை விட்டுவிட்டு, செருப்பு போக வேண்டிய இடத்தையும் அவர் வர வேண்டிய இடத்தையும் ஒன்றாகச் சொல்லுங்கள். "செருப்பை இந்த ஸ்டாண்டில் விட்டுட்டு உள்ளே வாங்களேன்" என்னும்போது வாக்கியம் வரவேற்பில் முடிகிறது. அந்த "ஏன்" சேர்ந்ததும் கட்டளை வேண்டுகோளாகிவிடுகிறது. இதை நல்ல முகத்தோடு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பேச்சை அடுத்ததற்குக் கொண்டுசெல்லுங்கள். "ஷூ சுத்தமாத்தான் இருக்கு" என்று அவர் சொன்னால், வாதிடாமல், "தெரியும், பாப்பாவுக்காகத்தான்" என்று இன்னும் ஒரே ஒரு முறை சொல்லலாம்.

ஆனால் எந்தச் சொல்லையும்விட முக்கியமானது, அதைச் சொல்லும் நேரம். விருந்தினரின் கால் வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்னால் சொன்னால் அது வழி காட்டுவது. நாலு அடி உள்ளே வந்த பிறகு சொன்னால் அது குற்றம் சுட்டுவது. கதவைத் திறந்துவிட்டு நீங்கள் பின்னால் நகர்ந்தால், அவர் இயல்பாகவே உங்களைத் தொடர்ந்து உள்ளே வந்துவிடுவார். ஆகவே நகராமல் வாசலிலேயே நின்று வரவேற்று, கையில் உள்ளதை வாங்கிக்கொண்டு, அந்தக் கணத்திலேயே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் சொல்வதில் பாதியை வாசலே சொல்லிவிடும்படி அதை ஒழுங்குசெய்ய முடியும். காலியாகப் பளபளக்கும் செருப்பு ஸ்டாண்டு யாரையும் அழைப்பதில்லை. அதில் உங்கள் வீட்டுச் செருப்புகள் இரண்டு ஜோடி இருந்தால், வருகிறவர் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார். ஸ்டாண்டைக் கதவுக்கு உட்புறம் வைப்பது நல்லது. புது ஷூ காணாமல் போய்விடுமோ, மழையில் நனைந்துவிடுமோ என்ற கவலையும் தீரும். வயதான ஒருவர் ஒற்றைக் காலில் நின்று, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையால் இறுகிய முடிச்சை அவிழ்க்கத் தடுமாறுவதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தால், வாசலில் நாற்காலி இல்லாமல் யாரிடமும் இதைக் கேட்க மனம் வராது. கைப்பிடி உள்ள, உறுதியான நாற்காலியாக இருக்கட்டும், முக்காலி கவிழக்கூடும். திரும்பிப் போகும்போது ஷூவை மாட்டுவது கழற்றுவதைவிடச் சிரமம் என்பதால், நீண்ட கைப்பிடியுள்ள ஷூ ஹார்ன் ஒன்றும் பக்கத்தில் தொங்கட்டும். இவற்றோடு உங்கள் கடமை ஒன்றும் இருக்கிறது: செருப்பைக் கழற்றச் சொல்கிறவர் வீட்டின் தரை சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். வெள்ளை சாக்ஸோடு வந்தவர் கறுத்த அடியோடு திரும்பக் கூடாது.

எல்லோரிடமும் இதைக் கேட்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. சிறு முள் குத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது, அந்தக் காயம் ஆறாப் புண்ணாகலாம். கணுக்காலுக்குத் தாங்கி அணிபவர்கள், செயற்கைக் கால் பொருத்தியவர்கள், மருத்துவர் எழுதிக்கொடுத்த உள்ளடி வைத்த ஷூ அணிபவர்கள் ஆகியோருக்கு ஷூ நடையின் ஒரு பகுதி. அதைக் கழற்றினால் சமநிலை போய்விடும். முதியவர்களுக்கு வழவழப்பான தரையில் வெறும் சாக்ஸும், குதிகாலைப் பிடிக்காத செருப்பும் வழுக்கி விழக் காரணமாகும். இவர்களில் பலர் தங்கள் உடல்நிலையை வாசலில் நின்று விளக்க விரும்ப மாட்டார்கள். ஒருவர் தயங்குவது தெரிந்தவுடன், அவர் வாய் திறக்கும் முன்பே, "நீங்க அப்படியே வாங்க" என்று மனதாரச் சொல்லிவிடுங்கள். ஈரத்துணியால் அடியை ஒருமுறை துடைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பது அதிகபட்சம். குழந்தைக்குத் தனி விரிப்பு ஒன்றை விரித்து, அவர் போகும்வரை அதன் மேலேயே விளையாட விடலாம். வீட்டிலேயே அணிவதற்கென்று, குதிகாலை மூடும் சுத்தமான காலணிகளை இரண்டு மூன்று அளவுகளில் வைத்திருந்தால், வெறுங்காலில் நடக்கத் தயங்குகிறவர்களுக்கும், கிழிந்த சாக்ஸை மறைக்க விரும்புகிறவர்களுக்கும் பெரிய உதவி.

பழுது பார்க்க வருகிற தொழிலாளியைப் பாதுகாப்பு ஷூவைக் கழற்றச் சொல்லாதீர்கள். அவர் நடக்கும் வழியில் பழைய போர்வையை விரித்துவிடுங்கள். பலர் கூடும் விசேஷ நாளில் விரிப்பைச் சுருட்டி வைத்து, குழந்தையின் அறையை மட்டும் சாத்திவிட்டு, அன்று ஒரு நாள் விதியைத் தளர்த்துவதே மேல். வாசலில் குவியும் முப்பது ஜோடி செருப்பு தடுக்கி விழ வைக்கும்.

நேரம் தவறி, ஒருவர் கூடத்தின் நடுவில் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். அரை மணி நேரத்தில் கிளம்புகிறவர் என்றால் பின்னால் துடைத்துக்கொள்ளலாம். நெடுநேரம் இருப்பார் என்றால், குழந்தையை அழைத்து வரும்போது, "பாப்பாவைத் தரையில் விடப் போறேன், ஷூவை மட்டும் வாசலில் வச்சுடவா?" என்று கேட்கலாம். விருந்தினர் பலர் இருக்கும்போது ஒருவரை மட்டும் குறித்துச் சொல்லாதீர்கள்.

இனி அந்த மேலதிகாரி. இதை நீங்கள் சொல்ல வேண்டாம். அவரோடு பழகும் உங்கள் கணவரே சொல்லட்டும், அதையும் அவர் வரும் நாளுக்கு முன்பே சொல்லட்டும். வழியும் நேரமும் எழுதி அனுப்பும் செய்தியின் கடைசியில், "பாப்பா தவழத் தொடங்கிவிட்டதால் காலணிகளை வாசலிலேயே விட்டுவிடுகிறோம், வசதியான காலணியில் வாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால், அவர் சாக்ஸைப் பார்த்து அணிந்து வருவார், கழற்ற முடியாத காரணம் ஏதேனும் இருந்தால் தனியாகச் சொல்லவும் அவருக்கு இடம் கிடைக்கும். வரும் நாளில் உங்கள் கணவர் செருப்பு அணிந்து வெளியே சென்று அவரை எதிர்கொள்ளட்டும். இருவரும் பேசிக்கொண்டே வாசலுக்கு வரும்போது, கணவர் முதலில் தன் செருப்பைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் சற்றே நகர்த்தட்டும்.