வெபி: மத்திய அந்தமானில் அதிகம் பேர் அறியாத ஒரு கரேன் கிராமம்

சுற்றுலாப் பட்டியலில் வராத, நீங்களே பார்த்துப் பழகிய ஒரு தீவு கிராமத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, வெபி.

அந்தமான் போகிறவர்கள் பெரும்பாலும் செல்லுலார் சிறை, ஹேவ்லாக், நீல் தீவுகள் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். போர்ட் பிளேரிலிருந்து (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது) வடக்கே கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர் போனால் மாயாபந்தர். அப்பாவுக்கு அங்கே அரசு வேலை, அதனால் என் பள்ளிக்காலம் முழுக்க மாயாபந்தரில்தான். அதன் பக்கத்திலேயே, காட்டுக்கும் சதுப்புநிலத்துக்கும் நடுவில் ஒதுங்கி இருக்கிறது வெபி. கரேன் மொழியில் அந்தப் பெயருக்கு மறைந்திருக்கும் நகரம் என்று அர்த்தம். ரோட்டிலிருந்து பார்த்தால் தென்னையும் பாக்கும்தான் தெரியும், உள்ளே போன பிறகுதான் வயலும் வீடுகளும் மாதாகோவிலும் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

கரேன்கள் பர்மாவைச் சேர்ந்த ஓர் இனத்தவர். அந்தமான் காடுகளில் மரம் வெட்ட, பாதை போட, நிலம் திருத்த ஆள் தேவைப்பட்டபோது பிரிட்டிஷ் வனத்துறை 1925-இல் ஐராவதி டெல்டாவின் பசீன் பக்கத்திலிருந்து சில கரேன் குடும்பங்களை வரவழைத்தது. கைதிகளாகவும் அகதிகளாகவும் வந்து சேர்ந்தவர்கள் நிறைந்த தீவில் இவர்கள் கூலி வேலைக்கென்று வந்தவர்கள், வரும்போதே போதகரையும் பைபிளையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் முதலில் குடியேறிய இடம்தான் வெபி. அப்புறம் ஆட்கள் பெருகி கர்மாடாங், தேவ்பூர், லட்டாவ், லக்னோ என்று சுற்றுவட்டாரத்தில் பரவினார்கள். ஆமாம், மாயாபந்தர் பக்கத்தில் ஒரு லக்னோ உண்டு. எல்லா ஊரையும் சேர்த்தாலும் இன்றைக்குச் சில ஆயிரம் பேர்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது அவர்கள் மொழியைப் பற்றி. 1942-இல் ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள், 1948-இல் பர்மா தனி நாடானது, அதோடு ஊருக்குப் போய் வரும் வழி ஏறக்குறைய அடைபட்டுப்போனது. மியான்மரின் கோகோ தீவுகள் அந்தமானின் வட முனையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் கூட இல்லை, ஆனால் நடுவில் எல்லை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஹிந்தியும் ஆங்கிலமும், கடைத்தெருவில் ஹிந்தி, அக்கம்பக்கத்தில் வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள், தெலுங்கர்கள், நம் ஆட்கள். இத்தனைக்கும் நடுவில் நூறு வருஷமாக ஸ்கா கரேன் மொழி அங்கே உயிரோடு இருக்கிறது, அதுவும் பேச்சில் மட்டும் இல்லை, எழுத்திலும். பர்மிய எழுத்திலிருந்து வந்த அந்த வட்ட வட்ட எழுத்துகளைக் குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மாதாகோவிலில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அரசுப் பாடப்புத்தகம் என்று எதுவும் கிடையாது. பாட்டுப்புத்தகமும் பைபிளும்தான் பாடநூல், போதகரும் ஆசிரியரும் ஒரே ஆள், அவரை 'தரா' என்று கூப்பிடுவார்கள். வீட்டில் தமிழ் பேசி ஹிந்தியில் படித்த எனக்கு, தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவே பதினாலு வயது ஆனது. என் வகுப்பில் இருந்த வெபிப் பையன் எட்டு வயதில் கரேன் எழுதுவான். இதை நினைக்கும்போதெல்லாம் அந்த ஊர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆண் பிள்ளை என்றால் பெயருக்கு முன்னால் 'சா', பெண் என்றால் 'நா'. குடும்பப் பெயரோ என்று நினைத்துக்கொண்டு புதிதாக வருகிற வாத்தியார்கள் எல்லோரையும் அண்ணன் தம்பிகள் ஆக்கிவிடுவார்கள்.

அந்தப் பையன் வீட்டுக்கு சைக்கிளில் போவேன். கால் வைத்து உயர்த்திக் கட்டிய மர வீடு, கீழே விறகும் கோழியும் வலையும், மேலே மூங்கில் தரை, நடந்தால் லேசாக அமுங்கும். அவன் பாட்டி இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நெய்வார். சாப்பாடு சோறும் மீனும்தான், கூடவே ஙாபி, அதாவது உப்புப் போட்டுப் புளிக்கவைத்து அரைத்த மீன் விழுது. முதல் தடவை வாசனைக்கே எழுந்து ஓடத் தோன்றும், மூன்றாவது தடவை அது இல்லாமல் சோறு இறங்காது. அப்புறம் பர்மா தனியா. நீள இலை, ஓரமெல்லாம் முள் முள்ளாக, கொத்தமல்லியை விட நான்கு மடங்கு வாசம். இன்று அந்தமானில் எந்த வீட்டு மீன் குழம்பிலும் அது விழுகிறது, எங்கள் அம்மாவின் குழம்பிலும். பெயரே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறது.

காடும் கடலும் அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. மரத்தைக் குடைந்து டுங்கி என்ற படகு செய்வார்கள், முன்பெல்லாம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார்கள், வனவிலங்குச் சட்டம் வந்தபின் அது தப்பாகிவிட்டது. அதே கைகள்தான் பிறகு வனவிலங்குப் பாதுகாப்பு வேலைக்கும் பயன்பட்டன. நம் மாமல்லபுரம் பக்கத்து முதலைப் பண்ணையை நடத்தும் அறக்கட்டளை அந்தமானின் வண்டூரில் ஒரு ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. அங்கே ஆமைக் கணக்கெடுப்புக்கும் காட்டுப் பயணங்களுக்கும் படகோட்டியாகவும் வழிகாட்டியாகவும் பல வருஷமாகக் கூடவே நின்றவர்கள் கரேன்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அவர்கள் பெயர் கடைசிப் பக்கத்து நன்றி வரியில் வரும். முதல் பக்கத்தில் வர வேண்டிய பெயர்கள் அவை என்றுதான் நான் சொல்வேன்.

வருத்தமும் இருக்கிறது. கரேன்கள் அங்கே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள், பழங்குடி அந்தஸ்து வேண்டும் என்று கேட்டுவருகிறார்கள். படித்த பிள்ளைகள் போர்ட் பிளேருக்கும் மெயின்லேண்டுக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், வேறு சமூகத்தில் கல்யாணம் செய்கிறார்கள், அவர்கள் குழந்தைகள் ஹிந்தியில் பதில் சொல்கிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சில ஆயிரம் பேர் மட்டுமே பேசும் இடத்தில் ஒரு வீடு குறைந்தாலும் தெரியும்.

சரி, போக வேண்டும் என்றால்: போர்ட் பிளேரிலிருந்து விடியற்காலையில் அரசு பஸ் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு நாள் பயணம். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து ஜாரவா பழங்குடியினர் வாழும் காட்டுப் பகுதியை வண்டிகள் வரிசையாகத்தான் கடக்க வேண்டும், வழியில் நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது, தயவுசெய்து அதை மதியுங்கள். மழை ஓய்ந்த பிறகு, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். கர்மாடாங் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வருவதும் அந்தச் சமயத்தில்தான், இரவில் டார்ச் அடிக்காதீர்கள். மாலை ஐந்து, ஐந்தரைக்கே இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலையில் வெபியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மாதாகோவிலில் நான்கு குரலில் பாடுவார்கள், வெளியே நின்று கேட்டாலே போதும், ஆனால் நிற்க விடமாட்டார்கள், உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். கிளம்பும்போது 'தா ப்ளு' என்று சொல்லுங்கள். நன்றி என்று அர்த்தம். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பாட்டிதான், மூன்று தடவை திருத்தினார்.