தெருப் பலகைகளைப் படம் பிடிப்பது எப்படி? வாசகர் கேள்வி - பதில்

தெருவில் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்த போர்டு, போட்டோவில் சப்பென்று இருக்கிறது. அனுப்பினால், ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். எங்கே தப்பு?
- கல்லூரி மாணவர், திருச்சி

எழுத்தை மட்டும் நெருங்கி எடுத்திருப்பீர்கள். சிரிப்பில் பாதிதான் வாசகத்தில் இருக்கிறது. மீதி அதைச் சுற்றி இருக்கிறது. ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று பெயின்ட்டில் எழுதிய காம்பவுண்டு சுவர்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. அந்தச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் டியூஷன் நோட்டீஸும் ஒட்டி, ‘யாதீர்’ மறைந்துபோய் ‘விளம்பரம் செய்’ மட்டும் தெரிந்தால், அதுதான் படம். போஸ்டரை வெட்டிவிட்டு எழுத்தை மட்டும் காட்டினால் பார்ப்பவருக்கு ஒன்றுமே புரியாது.

ஒரு பலகைக்குக் குறைந்தது மூன்று படம் எடுங்கள். முதலாவது நேருக்கு நேர், எழுத்து தெளிவாகத் தெரியும்படி. இரண்டாவது, நாலைந்து அடி பின்வாங்கி, சுற்றியிருப்பதோடு. மூன்றாவது, ஓரத்தில் எழுதியவர் போட்ட ‘ஆர்ட்ஸ்’ கையெழுத்து, உரிந்த பெயின்ட் மாதிரியான சின்ன விஷயம். வெளியில் காட்டப்போவது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். அதில் வாசகம் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் போன் திரையில் படிக்க முடியாது.

பொறுமையும் வேண்டும். ‘கேட் முன் வண்டி நிறுத்தாதீர், மீறினால் காற்று பிடுங்கப்படும்’ என்ற தகரப் பலகை தனியாகத் தொங்கினால் அது வெறும் அறிவிப்பு. அதன் கீழே ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டுப் போகும்வரை காத்திருங்கள். நீங்களே வண்டியை நகர்த்தி வைத்து எடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் அந்தப் படத்துக்கு இருக்கிற ஒரே மதிப்பான உண்மை போய்விடும்.

கடை போர்டுகள் உயரத்தில் இருக்கின்றன. கீழே நின்று எடுத்தால் மேல்பக்கம் குறுகி, எழுத்து சாய்ந்து விழுகிறது.
- இல்லத்தரசி, மயிலாப்பூர்

போனை அண்ணாந்து பிடிப்பதால் வருகிற கோளாறு இது. எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய், 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் லென்ஸில் எடுங்கள். தூரம் கூடக் கூட அண்ணாந்து பார்க்கும் கோணம் குறையும். கேமரா செட்டிங்கில் கிரிட் கோட்டை (திரையில் தெரியும் கட்டக் கோடு) ஆன் செய்து, பலகையின் கீழ்விளிம்பை அதற்கு இணையாக வையுங்கள். மிச்சமிருக்கும் சாய்வை எடிட்டிங்கில் ‘பெர்ஸ்பெக்டிவ்’ கொண்டு நிமிர்த்தலாம். அப்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டே எடுக்க வேண்டும்.

எனாமல் பெயின்ட் போர்டில் வெயில் பட்டு வெள்ளைத் திட்டு விழுந்தால், இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தாலே போதும். கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் அறிவிப்பு என்றால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிக் கையால் மறையுங்கள்.

ஓடும் எல்இடி போர்டை எடுத்தால் பாதி எழுத்துதான் விழுகிறது.
- வாசகர், கோவை

அந்தப் பல்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. வரிசை வரிசையாக மிக வேகமாக மாறி மாறி எரிகின்றன. கண் அதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. கேமரா 1/500 நொடியில் எடுத்தால் அந்தக் கணத்தில் எரியும் வரிசை மட்டுமே பதிவாகும். செட்டிங்குகளை நாமே மாற்றும் ப்ரோ மோடில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/60 நொடி வையுங்கள். அதைவிட மெதுவாக்கினால் ஓடும் எழுத்து இழுபடும். பட்டப்பகலில் இந்த வேகம் படத்தை வெளுக்க வைத்துவிடும், ஏனென்றால் பெரும்பாலான போன்களில் லென்ஸின் திறப்பைச் சுருக்க முடியாது. சூரியன் மறைந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போங்கள். அப்போது வானத்தில் நீலமும் இருக்கும், போர்டும் கண் கூசாது. முழு இருட்டில் எடுக்க நேர்ந்தால் எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள்.

கையால் எழுதிய பழைய போர்டுகளைச் சேகரிக்கிறேன். எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவல்லிக்கேணி

இந்த வேலையை இன்னும் பலர் செய்ய வேண்டும். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு கை எழுத்துப் பலகைகள் கேட்பாரின்றிக் கழற்றப்படுகின்றன.

முதலில் எழுத்தைப் பாருங்கள். லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற சுழியோடு இருந்தால் அது பழைய வடிவம். தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது 1978-இல். ஆனால், பழைய கையில் பழகிய ஓவியர்கள் அதன் பிறகும் பல வருடம் அப்படியே எழுதினார்கள். ஆகவே இதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

அடுத்து, முகவரி. ஆறு இலக்கப் பின்கோடு 1972-இல் வந்தது. 600 017 என்று முழுசாக இருந்தால் பலகை அதற்குப் பிந்தியது. ‘சென்னை-17’ என்று மட்டும் இருந்தால் எதுவும் சொல்ல முடியாது, இன்றைக்கும் அப்படி எழுதுகிறார்கள். தமிழ் வரியில் ‘சென்னை’ எப்போதும் இருந்ததுதான். ஆங்கில வரியைப் பாருங்கள். அதில் ‘மெட்ராஸ்’ என்றிருந்தால் 1996 பெயர் மாற்றத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். கடைப் பெயரிலேயே மெட்ராஸ் இருந்தால் அது கணக்கில் சேராது.

கடைசியாக, போன் நம்பர். சென்னைத் தரைவழி எண்களுக்கு முன்னால் 2 சேர்ந்து எட்டு இலக்கமானது 2000-களின் தொடக்கத்தில். ஏழு இலக்கமென்றால் அதற்கு முந்தியது. அந்த 2 மட்டும் வேறு நிறத்திலோ நெருக்கியடித்தோ இருந்தால், பிறகு சேர்த்தது. அதற்குத்தான் நெருக்கமான படம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்கிறோம்.

எழுத்துப்பிழை போர்டுகளைப் பகிரலாமா?
- வாசகி, மதுரை

தள்ளுவண்டிக்காரர் அட்டையில் எழுதிய பிழையைச் சிரிப்புக்குப் பரப்புவதை நாங்கள் விரும்புவதில்லை. அவருக்கு அது பிழைப்பு. லட்சக்கணக்கில் செலவழித்து வைத்த பெரிய அறிவிப்பில் பிழை இருந்தால் தாராளமாகக் காட்டுங்கள், திருத்துவார்கள்.

‘பிரசவத்துக்கு இலவசம்’ என்று ஆட்டோ முதுகில் எழுதியிருப்பதை எடுக்கும்போது சிக்னலில் நடைபாதையில் நின்றே எடுங்கள். வண்டி எண்ணையும் பலகையிலுள்ள செல் நம்பரையும் மறைத்து அனுப்புங்கள். போனில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவால் தேய்த்தால் போதாது. அது அரைகுறையாக ஊடுருவும், வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். முழுக் கறுப்புக் கட்டம் போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள். ஒரிஜினலை உங்களிடமே வைத்து, கோப்பின் பெயரில் தேதியையும் தெருவையும் எழுதுங்கள்.