எண்ணுவதற்கு முன்னால் எதை எண்ணுகிறோம் என்று பாருங்கள்: மென்பொருள் ஆய்வு கேள்வி பதில்

அக்கா, ஏஐ வந்த பிறகு கோடிங் வேகம் கூடியிருக்கிறதா என்பதுதான் என் எம்.ஈ. புராஜெக்ட். 40 பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பினால் போதுமா?

போதாதுப்பா. ஃபார்மில் கிடைப்பது வேகம் இல்லை, வேகத்தைப் பற்றி அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது. 2025இல் எம்.இ.டி.ஆர். என்ற ஏஐ ஆய்வு அமைப்பு, யாரும் பார்த்து மாற்றக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் அனுபவமுள்ள 16 நிரலாளர்களின் 246 வேலைகளை எடுத்து, எதில் ஏஐ தொடலாம், எதில் கூடாது என்று குலுக்கல் முறையில் பிரித்தது. 24% நேரம் மிச்சமாகும் என்று தொடங்கும்போது சொன்னார்கள், முடித்த பிறகும் 20% மிச்சம் என்றே நம்பினார்கள், அளந்து பார்த்தால் 19% கூடுதலாகப் பிடித்திருக்கிறது!

ஆனால் கோடு எழுத உதவும் ஏஐயான கோபைலட்டைப் பற்றிய ஆய்வில் 55% வேகம் என்று படித்தேனே, எது சரி?

இரண்டும் சரி. 2023இல் வெளியான அந்த ஆய்வில் 95 பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு ஹெச்டிடிபி சர்வரை, அதாவது இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் சிறு நிரலை, புதிதாக எழுதும் வேலை கொடுத்தார்கள். மற்றதில், தாங்கள் பல வருடம் பராமரித்து வந்த பெரிய புராஜெக்டுகளில் வேலை செய்தார்கள். யார், எந்த வேலை என்பதை விட்டுவிட்டு சதவீதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

நிரலாளர்கள் கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து டேட்டா எடுக்கச் சொல்கிறார் சார். ஆள் தேட வேண்டாம் என்பதால் சுலபம்தானே?

எடுப்பது சுலபம், நம்புவதுதான் கஷ்டம். எந்த நிரல்மொழியில் பிழை அதிகம் என்று 2014இல் 729 புராஜெக்டுகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. 2019இல் வேறு குழு அதே டேட்டாவைத் திறந்து பார்த்தால், டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழிக் கோடு என்று எண்ணியதில் ஒரு பகுதி கோடே இல்லை, க்யூடி மென்பொருளின் மொழிபெயர்ப்புக் கோப்புகள், இரண்டுக்கும் ‘.டிஎஸ்’ என்ற ஒரே பின்னொட்டு. இதையும் மற்ற குறைகளையும் சரிசெய்தபோது பழைய முடிவுகளில் பல நிற்கவில்லை, நின்றவற்றிலும் வித்தியாசம் மிகச் சிறியது. அதனால் ஸ்கிரிப்ட் ஓட்டும் முன் குலுக்கலில் 100 கமிட் (கோடில் செய்து பதிந்த மாற்றம்) எடுத்து உட்கார்ந்து படியுங்கள், ஒரு சோறு பதம் பார்ப்பது இங்கே போதாது.

ஜூனியர் மாணவர்களை வைத்துச் சோதனை செய்யலாமா?

செய்யலாம், ஆய்வின் வரம்பாக அதை எழுதிவிடுங்கள். நீங்களே மார்க் போடும் லேப் என்றால் மட்டும் வேண்டாம், அவர்களால் மறுக்க முடியாது.

பேட்டி எடுப்பதெல்லாம் ஆராய்ச்சியா? எண்ணே இல்லையே.

நிச்சயமாக ஆராய்ச்சிதான். 19% என்பது எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது, அதற்காகத்தான் எம்.இ.டி.ஆர். குழு திரைப் பதிவுகளையும் பார்த்தது. சரி, பேட்டியில் ‘ஏஐ உதவுகிறதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘ஏஐ கொடுத்த கோடைக் கடைசியாக எப்போது தூக்கிப் போட்டீர்கள், அன்றைக்கு என்ன நடந்தது?’ என்று கேளுங்கள், பிறகு குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.