ஞாயிற்றுக்கிழமை ஹோம்ஸ் கவுண்டி: சாப்பாடும் குதிரை வண்டிகளும்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சின்சினாட்டியிலிருந்து கிளீவ்லாந்து வரை ஓஹையோ டு ஈரி சைக்கிள் பாதையில் போகிறீர்கள், ஹோம்ஸ் கவுண்டியை ஞாயிற்றுக்கிழமை கடக்க வேண்டியிருக்கிறது, சாப்பாடு கிடைக்குமா, குதிரை வண்டிகளை எப்படி முந்துவது என்று கேட்டிருந்தீர்கள்.

முடிந்தால் அந்தப் பகுதியைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். அங்கே நிறைய வாழும் ஆமிஷ் மக்கள், குதிரை வண்டியில் போய்ப் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினர்; ஞாயிறன்று அவர்கள் கடைகள் எதுவும் திறக்காது, பண்ணை வாசலில் முட்டை, ரொட்டி விற்பவர்களும் அன்று விற்கமாட்டார்கள். மாற்ற முடியாதென்றால் முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வழியில் உள்ள மில்லர்ஸ்பர்க் ஊரில் வால்மார்ட் இருக்கிறது.

கில்பக்கிலிருந்து பிரெடரிக்ஸ்பர்க் வரை சுமார் 25 கி.மீ. பழைய ரயில் தடம், தார் போட்டது, மேடே தெரியாது. அதில் வண்டிகளுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முந்தும்போது சத்தமில்லாமல் பின்னால் போய் நிற்காதீர்கள், குதிரை மிரண்டால் ஆபத்து உங்களுக்கு மட்டுமல்ல, உள்ளே குழந்தைகள் இருப்பார்கள். தள்ளி இருக்கும்போதே குரல் கொடுங்கள், ஓட்டுபவர் திரும்பிப் பார்த்த பிறகு இடப்பக்கமாக நன்றாக விலகி, சீராகப் போங்கள்.

அப்புறம், தயவுசெய்து ஆமிஷ் மக்களின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். தண்ணீர் வேண்டுமென்றால் நேரில் கேளுங்கள்.