அண்ணன் தம்பி சண்டைல நடுவுல நிக்கிறவங்க என்ன கேக்கணும்?

தண்டையார்பேட்டைல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. கீழ அண்ணன் குடும்பம், மாடில தம்பி குடும்பம், ஒரே சம்ப்பு, ஒரே மோட்டார். தண்ணி ஏத்துறதுல ஆரம்பிச்ச சண்டை, இப்போ வீட்டுப் பொம்பளைங்க மூஞ்சி குடுத்து பேசிக்கிறதே இல்ல, நான் போய் "ஏன்டா இப்படி பண்றீங்க"ன்னு கேட்டா இன்னும் கத்துறானுங்க, என்ன பண்றதுன்னு.

அக்கா, முதல்ல அந்த "ஏன்டா"வ விட்டுடுங்க. அப்படி கேட்டா எவனும் யோசிச்சு பதில் சொல்ல மாட்டான், தன் மேல தப்பில்லன்னு காட்டத்தான் பாப்பான். "நீ பெரியவன்தானே, விட்டுக்குடுத்தா என்ன?"ன்னு கேக்குறதும் அதேதான், தீர்ப்ப முன்னாடியே சொல்லிட்டு கேக்குற மாதிரி.

ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெக்காதீங்க, தனித்தனியா பேசுங்க, வீட்டுக்காரம்மாக்களையும் சேத்துதான், ஏன்னா வாளிய தூக்கிட்டு நிக்கிறது அவங்க. "எப்பவுமே தண்ணிய காலி பண்ணிடுறாங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. அந்த எப்பவுமேக்கு பதில் சொல்லாம, "கடைசியா என்னிக்கு ஆச்சு? அன்னிக்கு மோட்டார் போட்டதுல இருந்து சொல்லு, உனக்கு எது கஷ்டமா போச்சு?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு வாய மூடிக்கணும், நடுவுல புத்தி சொல்லக்கூடாது, இதுதான் ரொம்ப கஷ்டம். உதாரணத்துக்கு தம்பி காசிமேட்டுல வேலை முடிச்சு 9 மணிக்கு மீன் வாடையோட வர்றவரா இருந்தா அவருக்கு அந்த நேரத்துக்கு குளிக்க தண்ணி இருக்கணும், அண்ணி இட்லி கடை போடுறவங்கன்னா அவங்களுக்கு 4 மணிக்கே வேணும். சண்டை மோட்டாருக்குன்னு நெனச்சோம், பாத்தா ரெண்டு பேருக்கும் நேரமே வேற.

1925-ல அமெரிக்காவுல மேரி பார்க்கர் ஃபாலெட்னு நிர்வாகம் பத்தி எழுதுன ஒருத்தங்க இதையே பேசியிருக்காங்க. ஹார்வர்ட் லைப்ரரில ஒரு சின்ன ரூம், ஒருத்தர் ஜன்னல தொறக்கணும்ங்கிறாரு, இவங்க மூடணும்ங்கிறாங்க. கடைசில ஆளில்லாத பக்கத்து ரூம் ஜன்னல தொறந்தாங்க. அவருக்கு ரூம்ல காத்து வந்தா போதும், இவங்களுக்கு நேரா மேல அடிக்காம இருந்தா போதும். அதனால "என்ன நடந்தா உனக்கு போதும்?"னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கட்டாயம் கேளுங்க.

இன்னொண்ணு, ஒருத்தர் மனசு விட்டு சொன்னத அடுத்தவங்ககிட்ட கொண்டு போறதுக்கு முன்னாடி "இத அவங்ககிட்ட சொல்லலாமா?"ன்னு கேளுங்க, வேணாம்னா சொல்லாதீங்க. கோர்ட் கேஸ பேசியே தீக்க உதவுற சமரச மையத்துலயும் தனித்தனியா பேசுறப்போ இப்படித்தான் பண்ணுவாங்க. இத விட்டீங்கன்னா நீங்களே கோள் சொன்னவங்க ஆயிடுவீங்க, அப்புறம் யாரும் உங்ககிட்ட வாய தொறக்க மாட்டாங்க.

அடிதடி, மிரட்டல்னு போயிருந்தா கேள்வியெல்லாம் அப்புறம், முதல்ல போலீஸ். வீட்டுல பங்கு கேட்டு கேஸ் வரைக்கும் போயிட்டா சென்னை பாரிஸ் கார்னர்ல ஹைகோர்ட் வளாகத்துலயே 2005-ல இருந்து சமரச மையம் இருக்கு, கோர்ட்டே அங்க அனுப்பலாம். கேஸ் போடுறதுக்கு முன்னாடின்னா இலவச சட்ட உதவி குடுக்குற சட்டப் பணிகள் ஆணைக்குழுல மனு குடுங்க, அதுக்கான 1987 சட்டப்படி பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் உதவி இலவசம்.