பழைய காருக்கு வெளி நிறுவன வாரண்டி வாங்கலாமா?

அமெரிக்காவில் பழைய கார் வாங்கப் போகிறீர்கள், டீலர் வெளி நிறுவன எக்ஸ்டெண்டட் வாரண்டி (பிறகு வரும் ரிப்பேர் செலவை ஏற்பதாகச் சொல்லும் திட்டம்) ஒன்றையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்க்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். ஒருமுறை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான், அதனால் பதிலில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருக்கும்.

விலை பேசிக் களைத்து, சாவி கைக்கு வந்தால் போதும் என்று இருக்கும்போதுதான் ஃபைனான்ஸ் அறைக்குக் கூப்பிடுவார்கள். “மாதம் 48 டாலர்தான் சார்” என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார் அந்த மனிதர். 2,400 டாலரைக் கார் கடனிலேயே ஏற்றிவிட்டார். 7 சதவீத வட்டியில் 5 வருடம் கட்டினால் அது கிட்டத்தட்ட 2,850 டாலர். அந்தக் கணக்கை வீட்டுக்கு வந்துதான் போட்டேன்!

இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது. இது வாரண்டியே இல்லை. காரின் விலையோடு சேர்ந்து வருவதுதான் வாரண்டி. தனியாகக் காசு கொடுத்து வாங்குவது சர்வீஸ் கான்ட்ராக்ட். எதற்குப் பணம் தருவார்கள், எதற்குத் தரமாட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் உள்ளபடிதான்.

14 மாதம் கழித்து எஞ்சினில் கடகடவென்று சத்தம். டைமிங் செயின் என்றார் மெக்கானிக். நிறுவனத்துக்குப் போன் செய்தால், முதலில் எஞ்சினைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறக்கும் கூலி 600 டாலர், கிளெய்ம் ஏற்கப்பட்டால்தான் அவர்கள் பொறுப்பு. அவர்கள் அனுப்பிய ஆள் வந்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ஆயில் மாற்றிய ரசீதெல்லாம் கேட்டார்கள். நான் ஆயிலை வீட்டு வாசலில் நானே மாற்றுகிறவன். ஆயில் டப்பா வாங்கிய பில்களைத் தேடி எடுத்து அனுப்பினேன். அதில் தேதி இருக்கிறது, கார் எத்தனை மைல் ஓடியிருந்தது என்று இல்லையே என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். கூலியோடு சேர்த்து 2,500 டாலர் என் பாக்கெட்டிலிருந்து போனது.

எல்லா நிறுவனமும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் 2024-இல் கார்ஷீல்டு நிறுவனம், விளம்பரங்களில் ஏமாற்றியதாக எஃப்டிசி (நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) தொடுத்த வழக்கில் 1 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. இந்த மாதிரி கான்ட்ராக்டுகளை டிவியில் பிரபலங்களை வைத்து விற்ற நிறுவனம் அது. “உங்கள் கார் வாரண்டி முடியப்போகிறது” என்று வரும் போன்களைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம், கட் பண்ணிவிடுங்கள்.

திடீரென்று 3,000 டாலர் செலவு வந்தால் சமாளிக்கவே முடியாது என்ற நிலையா? அப்போதும் கார் கம்பெனியே தரும் நீட்டிப்பு கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். மற்றவர்கள் அந்த 48 டாலரை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அதிலிருந்து பணம் எடுக்க யாரும் ரசீது கேட்பதில்லை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? ரத்து செய்யும் பகுதியை இன்றே படியுங்கள். பெரும்பாலும் முதல் 30 நாளுக்குள் என்றால் முழுப் பணமும் கிடைக்கும். நான் 4 வருடக் கான்ட்ராக்டை 2 வருடம் கழித்துத்தான் ரத்து செய்தேன். பாதிப் பணத்தில் 50 டாலர் கட்டணம் போக 1,150 டாலர் வந்தது. அதுவும் என் கைக்கு வரவில்லை, நேராகக் கடன் கொடுத்த வங்கிக்குப் போய்விட்டது.