காருக்குள் தேங்கும் தண்ணீர்: முன்கண்ணாடியைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: எங்கள் ஜப்பானிய செடான் காருக்கு 11 வயது. சென்ற ஆண்டு சிஓஇயை (கார் வைத்திருப்பதற்கான வாகன உரிமைச் சான்றிதழ்) 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தோம். சில மாதங்களாக முன்பயணி கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் நனைந்து கிடக்கிறது, நாற்றமும் வருகிறது. முன்கண்ணாடி வழியாகக் கசிகிறது என்று ஒரு பணிமனையில் சுற்றிலும் சிலிக்கான் பூசி 480 வெள்ளி வாங்கினார்கள். மூன்று வாரத்தில் மறுபடியும் ஈரம். தெரிந்தவர் ஒருவர் அனுப்பிவைத்த ஆள், கண்ணாடியையே கழற்றி ஒட்ட வேண்டும், 1,300 வெள்ளி ஆகும் என்கிறார். காரில் சன்ரூஃப் கிடையாது. சென்ற ஆண்டு இடப்பக்கக் கதவில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரை மாற்றியதைத் தவிர வேறு பெரிய வேலை எதுவும் செய்ததில்லை. புளோக் கார் நிறுத்துமிடத்தில் திறந்த மேல்தளத்தில்தான் நிறுத்துகிறோம். இதனால் மின்கோளாறு வருமா? காரின் பதிவை ரத்துசெய்து ஒப்படைத்துவிடச் சொல்கிறார் மாமனார். அதுதான் சரியா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அந்த 1,300 வெள்ளியைக் கொடுத்துவிடாதீர்கள். காரையும் ஒப்படைக்க வேண்டாம், குறைந்தது இந்தக் காரணத்துக்காக வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, ஒன்று மட்டும் இல்லை. தண்ணீர் எப்போது வருகிறது? மழை பெய்த பிறகா, மழையே இல்லாத நாளிலுமா? பணிமனையில் இதைக் கேட்டிருந்தால் நீங்கள் நிச்சயம் எழுதியிருப்பீர்கள். அவர்கள் கேட்கவில்லை. கேட்காமலே சிலிக்கான் குழாயைக் கையில் எடுத்திருக்கிறார்கள். நனைந்த இடம் வேறு, நுழைந்த இடம் வேறு. கூரையோரம் நுழைந்த நீர் மின்கம்பிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் காலடியில் வந்து நிற்கும். ஆகவே எங்கே என்று தேடுவதற்கு முன் எப்போது என்று பாருங்கள்.

உங்கள் காரில் என் முதல் சந்தேகம் ஏர்கான்மேல். முன்பயணிக்கு எதிரே இருக்கும் இழுப்பறைக்குப் பின்னால், டேஷ்போர்டுக்குள், ஏர்கானின் குளிர்ச்சுருள் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர்க் காற்றின் ஈரமெல்லாம் அதில் பட்டு நீராகச் சொட்டும். அந்த நீர் விரல் தடிமனுள்ள ஒரு ரப்பர் குழாய் வழியாக வெளியேறி ரோட்டில் விழ வேண்டும். பத்து ஆண்டு ஓடிய காரில் தூசியும் பாசியும் கலந்த கூழ் அந்தக் குழாயை அடைத்துக்கொள்வது சர்வசாதாரணம். வெளியே போக வழியில்லாத நீர் பெட்டி நிரம்பியதும் உள்ளே வழியும். விழுகிற இடம் நீங்கள் எழுதியிருக்கிற அதே இடம்தான்.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். நிறுத்திய காரில் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது இங்கே குற்றம் என்பதால் அப்படிச் சோதிக்காதீர்கள். ஏர்கானை நன்றாக வைத்து அரைமணி நேரம் எங்காவது போய்வாருங்கள். காய்ந்த தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, சில நிமிடம் கழித்து முன்பக்கம் குனிந்து பாருங்கள். சிங்கப்பூரில் நன்றாக வேலை செய்யும் ஏர்கான் அந்நேரம் தரையில் ஒரு சிறு குளமே கட்டியிருக்க வேண்டும். தரை காய்ந்தே இருந்தால் உங்கள் திருடன் அகப்பட்டுவிட்டான். குழாயின் வெளிமுனையைத் தேடி அடைப்பை எடுப்பது பழகிய கைக்கு அரைமணி நேர வேலை. அதற்கு டேஷ்போர்டு முழுவதையும் பிரிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பணிமனைக்குப் போங்கள்.

அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு வாரத்துக்குக் காரை மேல்தளத்தில் விடாமல் கூரையுள்ள தளத்தில் நிறுத்துங்கள். மழையில் ஓட்டாமல் இருக்க முடிந்தால் நல்லது. ஏர்கானை வழக்கம்போல் போட்டுக்கொள்ளுங்கள். காலடியில் உள்ள பாயை எடுத்துவிட்டு கார்ப்பெட்டின்மேல் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். கூரைக்குக் கீழே நின்ற காரில் தாள் நனைந்தால் அதற்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. கூரைக்குக் கீழே காய்ந்தே இருந்து, மேல்தளத்தில் ஒரு மழை பெய்ததும் நனைந்தால், வழி வெளியிலிருந்துதான்.

தாளைத் தொட்டும் பாருங்கள். நிறமும் மணமும் இல்லாத வெறும் தண்ணீரென்றால் மேலே சொன்ன கணக்கு. வழவழவென்று, இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ, இனிப்பான வாடையோடு இருந்தால் அது இன்ஜினின் கூலன்ட், ஹீட்டர் பெட்டி கசிகிறது. அது நச்சு, நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். வேறெங்கும் ஓட்டாமல் நேராகப் பணிமனைக்குப் போய்விடுங்கள்.

மழைதான் என்று உறுதியானால் உங்கள் காரில் இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்வேன். முதலாவது, பானட்டைத் திறந்தால் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர்கள் பொருத்தப்பட்டிருக்கும் பள்ளம். மழைநீரும் கண்ணாடியில் வழியும் நீரும் அங்கே இறங்கி இரு ஓரத்து வடிகால்கள் வழியாகக் கீழே போகும்படி அமைத்திருக்கிறார்கள். நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் சின்னஞ்சிறு இலைகள் எந்தச் சல்லடைக்கும் நிற்காமல் உள்ளே போய் மக்கி வடிகாலை அடைத்துவிடும். நீர் மட்டம் ஏறி, கார் உள்ளே காற்றை இழுக்கும் வாய்க்குள் கொட்டும். அந்த வாய் பெரும்பாலும் பயணி பக்கத்தில்தான். அங்கே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை வெளியே இழுத்துப் பாருங்கள். அது நனைந்து மண்ணும் இலைத்தூளும் ஒட்டியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம். கையை விட்டு இலைகளை அள்ளி எடுத்துவிட்டு நீரூற்றிப் பாருங்கள். ஊற்றிய நீர் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒழுகி விழ வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் ஒன்றுமில்லாத விஷயம்போல் எழுதியிருக்கிற அந்தக் கதவு மோட்டார். கதவுக்குள் மழைநீர் போவது இயல்பே. கண்ணாடியோடு சேர்ந்து உள்ளே இறங்கி அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறிவிடும். அது பயணி பக்கம் வராமல் தடுப்பது, கதவின் உள்பலகைக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டப்பட்ட ஒரு பிளாஸ்டிக் தாள்தான். மோட்டாரை மாற்ற அந்தத் தாளை உரித்தே ஆக வேண்டும். உரித்தவர் மறுபடி ஒழுங்காக ஒட்டினாரா? பழைய பசை காய்ந்திருந்தால் புதிதாகப் பசை வைத்தாரா? கதவின் உள்பலகையைக் கழற்றினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கதவோரத்துப் படிப்பக்கம் கார்ப்பெட் அதிகமாக நனைந்திருந்தால் இதுதான் காரணம் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

முன்கண்ணாடி? எப்போதாவது கல் பட்டு மாற்றியிருந்தால் சந்தேகிக்கலாம். தொழிற்சாலையில் ஒட்டிய கண்ணாடியை யாரும் தொடவே இல்லை என்றால் அதைப் பட்டியலில் கடைசியில் வையுங்கள். நன்றாக இருக்கும் கண்ணாடியை அவசரமாகக் கழற்றி, சட்டத்தின் சாயத்தைக் கத்தியால் கீறிவிட்டு, இரண்டு ஆண்டில் அங்கே துருப்பிடித்து உண்மையாகவே கசிய ஆரம்பித்த கார்கள் ஏராளம்.

இப்போது அந்தச் சிலிக்கானைப் பற்றி. வெளியிலிருந்து பூசும் சிலிக்கான் கசிவை நிறுத்துவதைவிட மறைக்கிறது. உள்ளே போன நீர் வெளியேற இருந்த வழியையும் அது அடைத்துவிடும். பின்னால் முறையாக வேலை செய்ய வருகிறவர் அதைச் சுரண்டி எடுக்காமல் எந்தப் பசையும் பிடிக்காது, அதற்கும் உங்களிடம்தான் கூலி கேட்பார். ஆகவே சிலிக்கான் வேண்டவே வேண்டாம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. சிஓஇ முடிய இன்னும் மூன்று நான்கு மாதமே இருக்கிறது, அதன்பின் கார் உடைப்பதற்குத்தான் போகப்போகிறது என்றால் பூசிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. அப்போதும் கசியும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பூச வேண்டும், ஊகத்தில் கூடாது. அப்போதும் கதவின் அடித்துளைகளிலோ வைப்பர் பள்ளத்து வடிகாலிலோ ஒரு துளிகூடப் படக் கூடாது. மழை பெய்த அன்றே ஈரத்தின்மேல் பூசக் கூடாது, காய வேண்டும். நான்கு மாதம் என்று நினைத்துப் பூசிவிட்டு, மனம் மாறி சிஓஇயைப் புதுப்பித்தீர்களென்றால் முதல் செலவு அதைச் சுரண்டுவதுதான். உங்கள் காருக்கு இன்னும் ஏறக்குறைய நான்கு ஆண்டு இருக்கிறது, எனவே இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. பொருந்தும் என்று யாராவது சொன்னால் அவருக்குச் சிலிக்கான் விற்க வேண்டியிருக்கிறது.

அந்த 'அனுப்பிவைத்த ஆள்' விஷயத்திலும் எச்சரிக்கை. காப்பிக்கடையில் உட்கார்ந்துகொண்டு, பணிமனைகள் நிறைந்த சின் மிங்கில் ஒருவரைத் தெரியும், காக்கி புக்கிட்டில் ஒருவரைத் தெரியும் என்று கார்களை அனுப்புகிறவர்களுக்கு அந்தப் பணிமனையிலிருந்து பங்கு போகிறது. பங்கு சின்ன வேலையில் கிடைக்காது. அடைப்பெடுக்கும் வேலைக்கு யார் கமிஷன் தருவார்? அதனால்தான் கண்ணாடி கழற்றும் வேலை பிறக்கிறது. இதே கூட்டத்தில் இன்னொரு வகை உண்டு: வெள்ளத்தில் போனதாகச் சொல்லிக் காப்புறுதியில் கேட்டுவிடலாம் என்பார்கள். நாள்பட்ட கசிவும் தேய்மானமும் பொதுவாகக் காப்புறுதியில் வராது. வராததை வெள்ளம் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது மோசடி. கையெழுத்து உங்களுடையதாக இருக்கும், அவருடையதாக இராது.

நாற்றத்துக்கு ஷாம்பு, ஓசோன், வாசனைப் புகை என்று விற்பவர்களையும் கசிவு நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பணிமனையில் சொல்ல வேண்டியது இதுதான்: நீர் உள்ளே வரும் இடத்தை எனக்குக் காட்டுங்கள், பிறகு விலை பேசலாம். சோதனைக்கு ஒருவர் டார்ச்சோடு உள்ளே குனிந்திருக்க வேண்டும். மற்றவர் வெளியே பூவாளி அளவுக்கு மெல்ல நீர்விட வேண்டும், கீழிருந்து மேலாக, ஓரிடத்துக்குப் பல நிமிடம். உயரழுத்தத் தண்ணீரைப் பாய்ச்சிக் காட்டி, 'பாருங்கள் கசிகிறது' என்பவரிடம் ஏமாறாதீர்கள். அந்த வேகத்துக்குப் புதுக் காரின் ரப்பரே விட்டுக்கொடுக்கும்.

மின்சாரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதே. கார்ப்பெட்டுக்குக் கீழே கம்பிக்கட்டுகளும் இணைப்பிகளும் போகின்றன. மின்னியல் சாலைக் கட்டணத்துக்கான புதிய ஓபியு கருவியின் மையப் பகுதியும் பல கார்களில் முன்பயணி காலடிப் பக்கம்தான் பொருத்தப்படுகிறது. ஈரமான ஊரில் இதைவிடக் காய்ந்த இடம் கிடைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டு என்ன பயன். அது நனைந்திருந்தால் நீங்களே கழற்றாமல் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் காட்டுங்கள். கார்ப்பெட் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடியிலுள்ள பஞ்சு நீரைப் பிடித்து வைத்திருக்கும், கதவை மூடிய காரில் அது நம் காற்றில் ஒருநாளும் காயாது. இருக்கையைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, விசிறி வைத்துக் காயவிட வேண்டும். இருக்கைக்குக் கீழே மஞ்சள் இணைப்பிகள் இருந்தால் அவை ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. பேட்டரியைத் துண்டிக்காமல் அவற்றில் கை வைக்க விடாதீர்கள். தூக்கும்போது தரைத் தகட்டையும் பாருங்கள். மேலோட்டமான துரு பரவாயில்லை, திருப்புளியால் குத்தினால் உள்ளே போகிற துரு என்றால் மாமனார் பேச்சுக்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும்.

10 ஆண்டைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை, சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடுவரை ஏறும் கூடுதல் கட்டணம் என்று எல்லாம் வாங்கிக்கொள்கிறார்கள். பிரேக்கும் விளக்கும் புகையும் பார்க்கிறார்கள். காலடி குளமாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. 5 ஆண்டுக்குப் புதுப்பித்த சிஓஇயை மறுபடி புதுப்பிக்கவும் முடியாது, முடிந்ததும் கார் போக வேண்டியதுதான். அதனாலேயே 'கொஞ்ச நாள்தானே' என்று அரைகுறை வேலை செய்து பிழைக்கிறார்கள். நீங்களோ புதுப்பித்தபோதே, 10 ஆண்டுக்குள் காரை ஒப்படைத்தால் கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடியை விட்டுக்கொடுத்தாயிற்று. இப்போது ஒப்படைத்தால் சிஓஇயில் மீதமுள்ள மாதங்களுக்கான தொகை மட்டும் திரும்பும். ஓர் அடைத்த குழாய்க்காகவோ உரிந்த பிளாஸ்டிக் தாளுக்காகவோ அதைச் செய்வது வீண்.

அந்த 480 வெள்ளிக்கு வருவோம். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'நீர்க்கசிவு சரிசெய்தது' என்று இருந்தால் முதலில் அவர்களிடமே போய்க் கேளுங்கள். மறுத்தால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், அல்லது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே 20,000 வெள்ளிவரை கேட்கலாம், வழக்கறிஞர் கிடையாது, 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பில்லில் வெறுமனே 'சிலிக்கான் பூச்சு' என்று மட்டும் இருந்தால் வாதாடுவது கடினம், பூச்சு பூசினோமே என்பார்கள். அடுத்த பணிமனையில் காரை விடும்போது, எந்த இடத்தில் கசிவு, எப்படிச் சோதித்தார்கள், எத்தனை மாத உத்தரவாதம் என்று மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.